அத்தியாயம் 6: ஸ்பூனைக் கடித்தால் விடமாட்டேன் என்கிறான்

என் வலது கை ஆள்காட்டி விரலில், நகத்துக்குக் கீழே அரை வட்டமாக ஒரு தழும்பு இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஐந்து வயதுப் பையன் ஒருவன் கொடுத்தது. பல் தேய்த்துவிடுகிறேன் என்று அவன் வாய்க்குள் விரலை விட்டேன். ஈறில் விரல் பட்டதுதான் தாமதம், படக்கென்று தாடை மூடிக்கொண்டது. வெடுக்கென்று இழுத்தேன். இழுக்க இழுக்க இன்னும் இறுகியது. அவன் முகத்தைப் பார்த்தேன். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. விட்டுவிட வேண்டும் என்றுதான் அவனும் தவித்தான், முடியவில்லை. அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு விரல் செலவானது.

மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளின் தாடை இறுக்கத்துக்கு வீட்டில் பல பெயர்கள். “பல்லு கிட்டிக்குது” என்பார் பாட்டி. “வாயே திறக்க மாட்டேங்குறான், ஒரே அடம்” என்பார் அப்பா. பல்லை நறநறவென்று கடித்தால் வயிற்றில் பூச்சி என்று பூச்சி மருந்து கொடுத்திருப்பார்கள். சாப்பிடும்போது இருமினால் தொக்கம் எடுக்க அழைத்துப் போயிருப்பார்கள். அந்த இருமல் தொண்டையில் சிக்கிய பழைய சோற்றால் வருவதில்லை, உணவு மூச்சுக்குழாய்ப் பக்கம் போவதால் வருகிறது என்று மட்டும் சொல்லிவிட்டு நான் மேலே போய்விடுவேன். பாட்டிகளோடு சண்டை போட்டுப் பயனில்லை. பெரும்பாலும் அவர்கள்தான் நாள் முழுக்க ஊட்டுகிறார்கள்.

ஆனால் ‘அடம்’ என்ற சொல்லை மட்டும் விடமாட்டேன். அடம் என்று நினைக்கிற கை ஒரு மாதிரி ஊட்டும். இறுக்கம் என்று தெரிந்த கை வேறு மாதிரி ஊட்டும்.

உங்கள் இரு கன்னத்திலும், காதுக்குச் சற்று முன்னால், கையை வைத்துப் பல்லைக் கடித்துப் பாருங்கள். கீழ்த்தாடையின் மூலையில் ஒரு தசை உருண்டு புடைக்கும். அது மாசெட்டர். விரல்களை நெற்றிப்பொட்டுக்கு நகர்த்தி மறுபடி கடியுங்கள். அங்கே அசைவது டெம்பொராலிஸ். தாடையை மூடுகிற வேலை முக்கியமாக இவற்றுடையது. உள்பக்கம் இன்னொரு தசையும் துணைக்கு இருக்கிறது. திறக்கும் தசைகள் இவற்றைவிட மெலிந்தவை. நம் எல்லோருக்கும் அப்படித்தான். மூளையிலிருந்து வரும் ‘போதும், தளர்’ என்ற கட்டளை பழுதாகும்போது, வலுத்த பக்கம் ஜெயிக்கிறது.

இறுகிய தசைக்கு ஒரு குணம் உண்டு. எவ்வளவு வேகமாக நீட்டுகிறோமோ, அவ்வளவு பலமாக அது எதிர்த்துச் சுருங்கும். வாயைப் பிடித்துப் பிளக்கப் பார்த்தால் வாய் திறக்காமல் போவதன் காரணம் இதுவே. அதோடு, சின்னக் குழந்தைகளுக்கு ஈறைத் தொட்டால் கடிக்கும் அனிச்சைச் செயல் ஒன்று உண்டு. வளர வளர மறைய வேண்டிய அது, இந்தப் பிள்ளைகள் பலரிடம் மறையாமல் இன்னும் முரட்டுத்தனமாகத் தங்கிவிடுகிறது.

எல்லா இறுக்கமும் ஒன்றல்ல

மருந்து, ஊசி என்று யோசிக்கும் முன் இரண்டு வாரம் வேவு பாருங்கள். பிள்ளை கொட்டாவி விடும்போது, சிரிக்கும்போது, அழும்போது வாய் எவ்வளவு திறக்கிறது? கொட்டாவியில் தாராளமாகத் திறந்தால் மூட்டு நன்றாக இருக்கிறது, தசையின் முறுக்குதான் சிக்கல் என்று கொள்ளலாம். ஆழ்ந்து தூங்கும்போதுகூடத் தாடை அசையாமல், கொட்டாவியிலும் இரண்டு விரல் அளவுக்கு மேல் திறக்காமல் இருந்தால் தசையே குறுகியிருக்கலாம், மூட்டு ஒட்டியிருக்கலாம். தசையைத் தளர்த்தும் ஊசியால் அதைச் சரிசெய்ய முடியாது. கொட்டாவி வரும்போது போனில் படம் பிடித்து வையுங்கள். டாக்டரின் அறையில் பிள்ளை கொட்டாவி விடப்போவதில்லை.

சில பிள்ளைகளுக்கு இறுக்கம் காலையில் இல்லை, மதியம் இருக்கும், ஏதாவது சொல்ல முயன்றால் வாய் ஒரு பக்கம் கோணும், சந்தோஷத்தில் முறுக்கும், தூங்கினால் சுத்தமாக மறைந்துவிடும். இது டிஸ்டோனியா என்ற வேறு வகை. பிறந்தபோது மஞ்சள் காமாலை கடுமையாகி மூளையைப் பாதித்த பிள்ளைகளிடம் இதை அதிகம் பார்க்கிறோம். இரண்டும் கலந்தும் வரும். இதற்கான மருந்து வேறு என்பதால் இந்த வித்தியாசத்தை டாக்டரிடம் சொல்வது முக்கியம்.

திடீரென்று அதிகமாகிற இறுக்கத்துக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு வலி ஒளிந்திருக்கும். நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் குழந்தை மூன்று வாரமாக வாயைத் திறக்கவில்லை என்று அழைத்து வந்தார்கள். மருந்தின் அளவைக் கூட்டத்தான் வந்தார்கள். டார்ச் அடித்துப் பார்த்தால் கடைவாய்ப் பல்லில் கறுப்பாக ஒரு குழி. பல்லைக் கவனித்ததும் தாடை பழைய நிலைக்கு வந்துவிட்டது. பல் சொத்தை, காதுச் சீழ், நெஞ்சுக்கு ஏறும் வயிற்றுப் புளிப்பு, வாய்ப்புண், நான்கு நாள் மலச்சிக்கல், இடுப்பு மூட்டு விலகல் இவற்றில் எதுவானாலும் உடம்பு முழுக்க முறுக்கேறும், தாடையும் சேர்ந்து இறுகும். வலிப்புக்கு ஃபெனிட்டாயின் சாப்பிடும் பிள்ளைகளுக்கு ஈறு வீங்கிப் பல்லை மூடிக்கொண்டு வரும், அதையும் பாருங்கள்.

வலிப்பின்போது பல் கிட்டுவது வேறு சங்கதி. அப்போது வாய்க்குள் எதையும் விடாதீர்கள். கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் எதுவும் நிற்காது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸ்.

தாடைக்கு வைத்தியம் இடுப்பில் தொடங்குகிறது

இதைச் சொன்னால் அம்மாக்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். சந்தேகம் இருந்தால் நாற்காலி விளிம்பில் சரிந்து, தலையைப் பின்னால் தொங்கவிட்டு ஒரு வாய் தண்ணீரை விழுங்கிப் பாருங்கள். பிள்ளைக்குத் தினமும் மூன்று வேளை இப்படித்தான் நடக்கிறது. பிடரி பின்னால் சாய்ந்தால் உடம்பே வில்லாக நிமிரும். தாடை ஒன்று ஆவென்று திறந்துகொள்ளும், இல்லை பூட்டிக்கொள்ளும். நடுவில் ஒரு நிலை இருக்காது.

ஆகவே முதலில் இடுப்பு. நாற்காலியின் ஆழத்துக்குப் பின்னால் தள்ளி உட்கார வையுங்கள். இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் செங்குத்தாக மடியட்டும். பாதம் தொங்கக் கூடாது. அடியில் பலகையோ, துணியால் சுற்றிய செங்கல்லோ வையுங்கள். இடுப்புக்குக் குறுக்கே ஒரு பட்டை. இரண்டு கையும் முன்னால் மேசைமேல். தோள் முன்னால் வந்தால் கழுத்து தானாக லேசாகக் குனியும். தலை நடுவில், மோவாய் கொஞ்சம் உள்ளடங்கி, நம் முகத்தைப் பார்க்கும்படி இருக்க வேண்டும். விலை உயர்ந்த நாற்காலி வேண்டும் என்பதில்லை. அட்டைப் பெட்டியை வெட்டி, பழைய புடவையைச் சுருட்டி அடைத்துச் செய்த இருக்கையில் மூன்று வருடம் சாப்பிட்ட பிள்ளையை எனக்குத் தெரியும். காலை நீட்டி, அதன்மேல் மல்லாக்கப் படுக்க வைத்துச் சங்கில் ஊற்றும் பழக்கத்தைத்தான் நிறுத்த வேண்டும். சங்கும் பாலாடையும் கைக்குழந்தைக்கே கவனமாகக் கொடுக்க வேண்டியவை. இறுகிய தாடையும் தாமதமான விழுங்கலும் உள்ள ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது நுரையீரலுக்குள் ஊற்றுவதற்குச் சமம். நம் ஊரில் அண்ணாந்து குடிப்பது நாகரிகம், இந்தப் பிள்ளைகளுக்கு அது ஆபத்து. பிளாஸ்டிக் டம்ளரின் ஒரு பக்க விளிம்பை மூக்கு இடிக்காதபடி பிறை வடிவில் வெட்டி, ஓரத்தை மழமழப்பாக்கிவிட்டு, வெட்டாத பக்கம் உதட்டில் படும்படி கொடுங்கள். தலை நிமிராமலே குடிக்கலாம்.

உட்கார வைத்த பிறகு கை. முகத்துக்கு நேராகப் போகாதீர்கள். தோள், பிடரி, பிறகு கன்னம் என்று உள்ளங்கை முழுவதும் பதியும்படி, மெதுவாக, நிதானமான அழுத்தத்தோடு வாருங்கள். விரல் நுனியால் வருடுவது இவர்களுக்குக் கூச்சத்தைக் கிளப்பிவிடும். பதிந்த கை அடங்க வைக்கும். மாசெட்டர் தசைமேல் வட்டமாக, மிக மெதுவாக இரண்டு மூன்று நிமிடம் தேய்த்துவிடுங்கள். இந்தத் தடவலால் இறுக்கம் நிரந்தரமாகக் குறையும் என்று நான் சொல்லமாட்டேன், அதற்கான ஆதாரம் மெலிதுதான். சாப்பாட்டுக்கு முன் பிள்ளையை அமைதிப்படுத்தவும், அன்றைக்குத் தாடை எப்படி இருக்கிறது என்று உங்கள் கை தெரிந்துகொள்ளவும் இது போதும்.

ஸ்பூனை இன்றைக்கே மாற்றுங்கள். எவர்சில்வர் ஸ்பூன் பல்லில் பட்டால் ‘டிங்’ என்று ஒரு சத்தம் வருமே, அந்தக் குளிர்ச்சியும் அதிர்வுமே கடியைத் தூண்டப் போதும். ஐஸ்கிரீம் கடையில் தருகிற மெல்லிய பிளாஸ்டிக் உடைந்து தொண்டைக்குள் போகும். சிலிகோன் பூசிய, குழி ஆழமில்லாத, தட்டையான ஸ்பூன் நல்லது.

இனி ஒரு வாய் ஊட்டுவோம். பிள்ளைக்கு எதிரே, உங்கள் கண்ணும் அவன் கண்ணும் ஒரே உயரத்தில் இருக்க உட்காருங்கள். நின்றுகொண்டு ஊட்டினால் அவன் அண்ணாந்து பார்ப்பான், அத்தோடு எல்லாம் கெட்டது. இடது கைப் பெருவிரலைக் கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் நடுவே வையுங்கள். ஆள்காட்டி விரல் தாடை எலும்பை ஒட்டிக் காதுப் பக்கம் நீளட்டும். நடுவிரல் மோவாய்க்கு அடியில், எலும்பின்மேல். தொண்டையின் மென்மையான பகுதியை அழுத்தக் கூடாது. பிடிப்பது திறப்பதற்கு அல்ல. தாடை தடுமாறாமல் கொஞ்சமாகத் திறந்து கொஞ்சமாக மூட, ஊன்றுகோலாக நிற்பதற்கு. ஸ்பூனைக் கீழிருந்து, நேராக, அவன் பார்க்கும்படி கொண்டுவந்து நாக்கின் முன்பகுதியில் வைத்து லேசாக அழுத்துங்கள். காத்திருங்கள். மேலுதடு இறங்கி வரும். அதற்குப் பத்து நொடிகூட ஆகலாம். வந்தபின் நேராக வெளியே எடுங்கள். நாம் அவசரத்தில் மேல் பல்லில் வழித்துவிட்டு எடுப்போம். அந்த உரசலில்தான் பாதி நேரம் கடி விழுகிறது.

என்ன ஊட்டுவது என்பதும் தாடையைப் பொறுத்ததே. ரசம் சாதம் ஜீரணத்துக்கு லேசானது என்று எல்லோரும் முதலில் கொடுப்பது அதைத்தான். விழுங்கச் சிரமப்படும் பிள்ளைக்கு அதைவிடக் கடினமான உணவு இல்லை: தண்ணீர் ஒரு வேகத்தில் ஓடும், பருக்கை ஒரு வேகத்தில் நகரும். குழைய மசித்த பருப்பு சாதம், நெய் விட்ட பொங்கல், கட்டியாகக் காய்ச்சிய கேழ்வரகுக் கூழ், ஒரே பதமாக இருக்கிற எதுவும் நல்லது. உதிரும் இட்லியைச் சாம்பாரில் ஊறவைத்து மசித்துவிடுங்கள். முப்பது நிமிடத்துக்கு மேல் ஒரு வேளை இழுத்தால் பிள்ளை சாப்பிடுவதைவிடக் களைப்பதற்கே சத்து செலவாகிறது. அப்போது அளவைக் குறைத்து வேளையைக் கூட்டுங்கள்.

கடித்துவிட்டான், விடவில்லை. என்ன செய்வது? இழுக்காதீர்கள், திட்டாதீர்கள், சுற்றியிருப்பவர்களைக் கத்த விடாதீர்கள். ஸ்பூனை அசைக்காமல் அப்படியே பிடியுங்கள். மறு கையால் பிடரியைத் தாங்கித் தலையைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவாருங்கள், தோள்களும் முன்னால் வரட்டும். காதுக்கு முன்னால் தாடை மூட்டின்மேல் உள்ளங்கையைப் பதித்து நிதானமாக அழுத்துங்கள். ஏதாவது மெதுவாகப் பேசிக்கொண்டிருங்கள். தளரும். தளர்ந்த அந்த நொடியில் எடுங்கள். சிக்கியது உங்கள் விரலானாலும் இதே முறைதான். இழுக்கக் கூடாது என்று சொல்வது எளிது, எனக்குத் தெரியும்.

இதற்கு நேர்மாறாக, கொட்டாவி விட்டபின் வாய் மூடவே முடியாமல், எச்சில் ஒழுக, பிள்ளை அழுதால் தாடை மூட்டு நழுவியிருக்கலாம். வீட்டில் தட்டிச் சேர்க்கப் பார்க்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி.

பல் தேய்ப்பது

வாய் திறக்காவிட்டால் பல் தேய்க்க முடியாது என்று விட்டுவிடுகிறார்கள். பல்லின் வெளிப்பக்கம் தேய்க்க வாய் திறக்கவே வேண்டாம். பல்லைக் கடித்துக்கொண்டே இருக்கட்டும், உதட்டை ஒதுக்கிக் கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே பிரஷ்ஷை விட்டுச் சுற்றி வந்தால் பாதி வேலை முடிந்தது. பின்னாலிருந்து அவன் தலையை உங்கள் மார்பில் சாய்த்துக்கொண்டு செய்யுங்கள், மோவாய் மேலே ஏறிவிடாமல். சில நாளில் தானாகத் திறக்கத் தொடங்குவான். திறந்ததும், தடித்த ரப்பர்ப் பிடியுள்ள இன்னொரு பிரஷ்ஷின் பிடியை ஒரு பக்கக் கடைவாயில் முட்டுக் கொடுத்து, மறுபக்கம் தேயுங்கள். விரலை முட்டாக வைக்கக் கூடாது, தழும்பைக் காட்டியாயிற்று. துப்பத் தெரியாத பிள்ளைக்கு ஃப்ளூரைடு பேஸ்ட் ஒரு அரிசி அளவு போதும். கன்னத்தையோ கீழுதட்டையோ கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும் பிள்ளைக்குப் பல் டாக்டர் மென்மையான கவசம் செய்து தருவார். அது உடைந்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள்.

மருந்தும் ஊசியும்

உட்காரும் முறையும் ஊட்டும் முறையும் மாறி, வலிக்கான காரணங்களும் தேடியாகிவிட்டது, இன்னும் தாடை பூட்டிக்கொள்கிறது என்றால் மருந்தைப் பற்றிப் பேசலாம். உடம்பு முழுக்க இறுக்கம் உள்ளவர்களுக்கு பேக்லோஃபென் மாத்திரை முதலில் வரும். குறைந்த அளவில் ஆரம்பித்து மெல்லக் கூட்டுவார்கள். தூக்கம் வரும், சில பிள்ளைகளுக்கு உடம்பு துவண்டு தலை நிற்காமல் போய்விடும். கிடைத்த தாடைத் தளர்ச்சியைக் கழுத்து தின்றுவிடும். இந்த மாத்திரையை ஒருபோதும் திடீரென்று நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் இறுக்கம் பல மடங்காகத் திரும்பும், காய்ச்சல், வலிப்பு, மனக்குழப்பம்கூட வரலாம். பொங்கலுக்கு ஊருக்குப் போய், மாத்திரை தீர்ந்து, மருந்துக் கடையும் பூட்டிக் கிடந்ததால் தீவிர சிகிச்சைப் பிரிவில் முடிந்த கதை ஒன்று எனக்குத் தெரியும். பத்து நாள் மாத்திரை எப்போதும் கூடுதலாகக் கையிருப்பில் இருக்கட்டும். டயஸிபாம் வகை மருந்துகளில் தூக்கமும் கபமும் கூடலாம். டிஸ்டோனியாவுக்கு டிரைஹெக்ஸிஃபெனிடில் கொடுப்பதுண்டு. அது வாயை உலர்த்தும், உலர்ந்த வாயில் பல் சீக்கிரம் சொத்தையாகும். முதுகெலும்பு நரம்பை வெட்டும் அறுவை சிகிச்சை கால்களுக்கானது, தாடைக்காக அதைக் கேட்டு அலைய வேண்டாம்.

இப்போது எல்லோரும் கேட்கிற போடாக்ஸ் ஊசி. அழகுக்குப் போடுகிறார்களே, அதேதான். மாறுகண்ணைச் சரிசெய்ய வழி தேடிய சான் பிரான்சிஸ்கோ கண் டாக்டர் ஆலன் ஸ்காட் மருந்தாக்கிய நஞ்சு இது. அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது 1989ல். சுருக்கங்கள் போகும் என்பது பிறகு தெரிந்தது. நரம்பு நுனியிலிருந்து தசைக்குப் போகும் சமிக்ஞையை இது தடுக்கிறது. மாசெட்டரிலும் தேவைப்பட்டால் டெம்பொராலிஸிலும் போடுவார்கள். சில நாளில் தளர்ச்சி தெரியத் தொடங்கும், இரண்டு வாரத்தில் முழுமையாகும், மூன்று நான்கு மாதத்தில் நரம்பு மீண்டு பழைய நிலைக்குத் திரும்பும். குழந்தைகளின் கை, கால் இறுக்கத்துக்கு அமெரிக்காவில் 2019ல் அனுமதி வந்தது. தாடைக்கு அந்த அனுமதி இல்லை, டாக்டர் தம் அனுபவத்தின் பொறுப்பில் போடுகிறார். எனவே “இதுவரை எத்தனை குழந்தைகளுக்குத் தாடையில் போட்டிருக்கிறீர்கள்?” என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

மருந்து அக்கம்பக்கத் தசைகளுக்குப் பரவினால் விழுங்குவதும் மூச்சும் பலவீனமாகலாம். 2009லேயே அமெரிக்க மருந்துத் துறை இதற்காகக் கடும் எச்சரிக்கையை மருந்தோடு வரும் விவரத் தாளில் அச்சிட வைத்தது. ஏற்கெனவே அடிக்கடி நெஞ்சுச் சளி, சாப்பிடும்போது இருமல், சாப்பிட்டபின் ஈரமாகக் கரகரக்கும் குரல் உள்ள பிள்ளைக்கு, முதலில் விழுங்குவதை எக்ஸ்ரே படமாகப் பார்க்கும் பரிசோதனை செய்துவிட்டு ஊசியைப் பற்றி முடிவெடுக்க வேண்டும் என்பது என் கருத்து. சத்தமே இல்லாமல் நுரையீரலுக்குள் உணவு போகும் பிள்ளைகள் உண்டு. ஊசி போட்ட நாள், மருந்தின் பெயர், எத்தனை யூனிட் என்பதை நோட்டில் எழுதி வாங்குங்கள். ஒரு கம்பெனியின் யூனிட் இன்னொரு கம்பெனியின் யூனிட்டுக்குச் சமமல்ல. அந்தச் சமயத்தில் வேறு நோய்க்கு ஜென்டாமைசின், அமிகாசின் போன்ற மருந்து கொடுக்க நேர்ந்தால் ஊசி போட்ட விவரத்தைச் சொல்லிவிடுங்கள். அவை தசைத் தளர்ச்சியைக் கூட்டும்.

தாடை தளர்ந்திருக்கும் அந்த மூன்று மாதத்தை வீணாக்குவதுதான் எனக்கு வருத்தம். அப்போதுதான் பல் டாக்டர் வேலையை முடிக்க வேண்டும், புதுப் பதத்தில் உணவு பழக்க வேண்டும், பிரஷ் பழக வேண்டும். ஊசியை மட்டும் நம்பி வீட்டில் எதுவும் மாறாவிட்டால், நான்காம் மாதம் அதே ஸ்பூன், அதே கடி.

இதையெல்லாம் செய்தும் எடை ஏறாத பிள்ளைக்கு வயிற்றில் நேரடியாக ஒரு குழாய் வைக்கச் சொல்வார்கள். தோற்றுப்போனதாக நினைத்து அழாத அம்மாவை நான் பார்த்ததில்லை. குழாய் வழியே சத்து போனபின், ருசிக்காக மட்டும் ஒரு ஸ்பூன் பாயசம் வாயில் கொடுக்கலாமா என்று தெரபிஸ்டைக் கேளுங்கள். பலருக்கு முடியும்.

எங்கே போவது? மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது மருத்துவக் கல்லூரி வளாகத்தில் குழந்தைகளுக்கான ஆரம்பகால இடையீட்டு மையம் இருக்கும். சென்னைப் பக்கம் முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகைக் குறைபாடுடையோர் நிறுவனம், தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம், வேலூரில் சிஎம்சி. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எடுத்துவிட்டால், தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம்.

போகும்போது கொட்டாவி வீடியோவை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பயன்படுத்தும் ஸ்பூன், டம்ளர், அவன் வழக்கமாகச் சாப்பிடுவதில் ஒரு சின்ன டப்பா, இவையும் வேண்டும். காலையில் வயிறு நிறைய ஊட்டிவிட்டு அழைத்து வராதீர்கள். கொஞ்சம் பசியோடு வரட்டும். ஊட்டுவது யாரோ அவரே வரட்டும். பாட்டியானால் பாட்டி.